வினாவும் விடையும் உறவும்: தொலைவழி மொழிபெயர்ப்புப் பணியில் பணியாளர் – பணியளிப்பவர் மடல்கள், ஓர் இலக்கண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நேரில் காணாமலே பணி பெற்று, பணி முடித்து, ஊதியம் பெறும் தன்னுரிமை மொழிபெயர்ப்பாளர்க்கும் அவர்க்குப் பணி அளிப்போர்க்கும் இடையிலான உறவு பெரும்பாலும் எழுத்துவழி வினாவிடைகளாலேயே அமைகிறது. அவ்வினாவிடைகளை நன்னூல் கூறும் அறுவகை வினா, எண்வகை விடை ஆகிய பாகுபாட்டின்வழி இக்கட்டுரை நோக்குகிறது. இரத்தற் சொற்களாகிய ஈ, தா, கொடு பற்றிய இலக்கண விதியை ஊதியம் கேட்கும் மடல்களோடு பொருத்திக் காண்கிறது. நல்லுறவு கெடுவதற்குப் பணிவுக் குறைவைவிடக் குறிப்புவிடையின் மிகுதியே காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: தன்னுரிமைப் பணி, தொலைவழிப் பணி, வினா, விடை, குறிப்புவிடை, இரவின் கிளவி, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், துணைத்தலைப்பு எழுதுதல், ஒலிப்பதிவை எழுத்தாக்குதல் முதலிய பணிகளால் வருவாய் ஈட்டுவோருள் தமிழ் முதுகலை பயின்றோரும் முனைவர் பட்ட ஆய்வாளரும் உளர். இவர்கள் எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். ஒவ்வொரு பணியையும் தனித்தனியே பேசி ஏற்பவர்கள். பேச்சுவழக்கில் ‘ஃப்ரீலான்சர்’ எனப்படும் இவர்களை இக்கட்டுரை ‘தன்னுரிமைப் பணியாளர்’ என்றும், ‘கிளையண்ட்’ எனப்படுவோரைப் ‘பணியளிப்பவர்’ என்றும் குறிக்கிறது. பணியளிப்பவர் சென்னையில் இருக்கலாம். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் ஒருமுறையும் காணாமலே ஆண்டுக்கணக்கில் பணி தொடர்வதுண்டு.

இத்தகைய உறவைப் பற்றிய அறிவுரைகள் மேலாண்மைத் துறையினரால் எழுதப்படுகின்றன. நம்பிக்கை, தொடர்பாடல், காலந்தவறாமை என்னும் பொதுச்சொற்களோடு அவை நின்றுவிடுகின்றன. தொடர்பாடல் என்பது மொழியால் நிகழ்வதாதலின் அதனை ஆராயும் பொறுப்பு மொழித்துறையினர்க்கும் உண்டு. தமிழில் மடல் எழுதுவோர் எவ்வாறு கேட்கின்றனர், எவ்வாறு மறுக்கின்றனர், எவ்வாறு பணம் கேட்கின்றனர் என்பன இலக்கணத்தின் எல்லைக்குள் வரும் வினாக்களே. கட்டுரையாளர் ஆய்வுக்கிடையே மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்பும் செய்துவருபவர் ஆதலால் இப்பொருள் அவர்க்கு அயலன்று. எனினும் இங்கு வரும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் யாவும் கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை. எவருடைய தனிமடலும் எடுத்தாளப்படவில்லை.

வினாவின் வகையும் பணியின் தொடக்கமும்

நன்னூலார் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுப்பார். இவ்வகைப்பாட்டின் சிறப்பு, வினாவை அதன் வடிவத்தால் பகுக்காமல் கேட்போனின் நோக்கத்தால் பகுப்பதில் உள்ளது. வடிவத்தில் ஒன்றாகத் தோன்றும் தொடர் நோக்கத்தால் வேறுபடலாம். கடைக்காரரிடம் ‘பருப்பு இருக்கிறதா?’ என்று கேட்பவர் சரக்கிருப்பை அறிய விரும்பவில்லை, வாங்க வந்திருக்கிறார். நேர்ப்பேச்சில் இந்நோக்கம் முகத்தாலும் குரலாலும் இடத்தாலும் விளங்கிவிடும். மடலில் அவை இல்லை.

‘இதில் ஒரு சிறு மாற்றம் செய்ய முடியுமா?’ என்று பணியளிப்பவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். பணியாளர் இதனை அறியாவினாவாகக் கொண்டால், முடியும் அல்லது முடியாது என்பது விடை. பணியளிப்பவரோ ஏவல்வினாவாகவே எழுதியிருக்கக்கூடும். மாற்றம் செய்யப்பட வேண்டும், கூடுதல் ஊதியம் பற்றிய பேச்சு எழ வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. ‘முடியும்’ என்ற ஒரு சொல் விடையால் பணியாளர் தம்மையறியாமல் இலவசப் பணி ஒன்றை ஏற்றவராகிறார். மறுவாரம் இன்னொரு சிறு மாற்றம் வருகிறது. மூன்றாம் முறை பணியாளர் சலிப்போடு எழுதும் மடல் பணியளிப்பவர்க்குக் காரணமற்ற சினமாகத் தோன்றுகிறது. இருவரும் பொய் கூறவில்லை. ஒரு வினாவை இருவர் இருவேறு வகையில் வைத்துக்கொண்டனர், அவ்வளவே. ‘செய்யலாம், இது 200 சொற்களுக்குரிய புதிய மொழிபெயர்ப்பு, முன்பு பேசிய வீதத்திலேயே கணக்கிடுகிறேன்’ என்று முதன்முறையே எழுதியிருப்பின், கொளல்வினாவிற்குரிய விடையாக அது அமைந்திருக்கும். ஏவலைக் கொளலாக மாற்றிக்கொள்ளும் உரிமை விடையளிப்பவர் கையில் இருக்கிறது என்பது நோக்கத்தக்கது.

ஐயவினா தனிக்கவனத்திற்குரியது. இளம் மொழிபெயர்ப்பாளர் பலர் ஐயம் கேட்பதைத் தம் புலமைக்கு இழுக்கெனக் கருதுகின்றனர். தமிழ் பயின்றவர்க்கு இக்கூச்சம் சற்று மிகுதி. ‘தமிழாசிரியருக்கே சொல் தெரியவில்லையா’ என்ற ஏளனத்தை எதிர்நோக்கி அஞ்சுவர். ஆனால் ஐயத்தை எழுப்பாத மொழிபெயர்ப்பே பின்னர் உறவை முறிக்கிறது. ஐயவினா எழுதப்படும் முறைதான் கேட்பவரின் தகுதியைக் காட்டுகிறது. ‘ஷெட்யூல் என்றால் என்ன போடுவது?’ என்பது ஒருவகை. ‘நான்காம் பக்கத்தில் ஷெட்யூல் என்னும் சொல் ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலைக் குறிக்கிறதா, காலஅட்டவணையைக் குறிக்கிறதா? சூழலை நோக்க முதலாவதே பொருந்துகிறது. அவ்வாறே கொண்டு மேற்செல்கிறேன். வேறாயின் புதன்கிழமை மாலை 5 மணிக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்பது மற்றொரு வகை. பின்னதில் ஐயத்தின் இரு கூறுகளும் உள்ளன, இடம் சுட்டப்பட்டுள்ளது, தற்காலிகத் துணிபு உள்ளது, விடை வராவிடினும் பணி நிற்காது. இத்தகைய வினாவைப் பெற்ற பணியளிப்பவர் பணியாளரை ஐயுறமாட்டார்.

தொல்காப்பிய உரைமரபில் வினாவின் பயன்களுள் ஒன்றாக ‘அறிவொப்புக் காண்டல்’ என்பது கூறப்படும். தான் அறிந்ததும் பிறர் அறிந்ததும் ஒத்துள்ளனவா என்று பார்க்க வினாவுதல். தொலைவழிப் பணிக்கு இதைவிடப் பயன்மிக்க வினா இல்லை எனலாம். பணியளிப்பவர் வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடக் குரற்பதிவு அனுப்புகிறார். அதனைக் கேட்டுப் ‘புரிந்தது’ என்று விடை தருவதற்கு மாறாக, கேட்டவற்றை ஐந்து வரியில் எழுதி, ‘நான் விளங்கிக்கொண்டது இதுவே, சரிதானா?’ என்று திருப்பியனுப்புவது அறிவொப்புக் காண்டலாகும். குரற்பதிவில் பணியளிப்பவரே கூற மறந்த செய்தி பெரும்பாலும் இவ்விடத்தில்தான் வெளிப்படும்.

தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டிய அறியாவினாக்களுள் முதன்மையானது எந்நிலத்துத் தமிழ் என்பது. தமிழ்நாட்டில் மருத்துவமனை, துறை, நாடாளுமன்றம், உள்ளாட்சி என வழங்குவன இலங்கை அலுவல் வழக்கில் முறையே வைத்தியசாலை, திணைக்களம், பாராளுமன்றம், உள்ளூராட்சி எனப்படும். கொழும்பிலுள்ள பணியளிப்பவர்க்குத் தமிழ்நாட்டு வழக்கில் முடித்தளித்த ஆவணம் பிழையற்றதாயினும் பயனற்றது. இவ்வினாவை முதல்நாளே கேட்டவர், பிற்காலத்தில் நாற்பது பக்கத்தைத் திருத்தும் உழைப்பிலிருந்தும் அதற்கு யார் பொறுப்பு என்னும் வழக்கிலிருந்தும் தப்புகிறார்.

காலக்குறிப்பும் இதனுள் அடங்கும். ‘வெள்ளிக்குள்’ என்பதில் வெள்ளிக்கிழமை உட்படுமா என்பது தமிழிலேயே தெளிவில்லாதது. இந்திய நேரத்தைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணிநேரம் முந்தியது. டொராண்டோ பருவத்திற்கேற்ப ஒன்பதரை அல்லது பத்தரை மணிநேரம் பிந்தியது. நாள், மணி, எந்த ஊர் மணி ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும்.

செவ்வன் விடையும் குறிப்புவிடையும்

விடையை நன்னூல் எட்டாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் கேட்டதற்கு நேரே இறுப்பன. ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடைப்பொருளைத் தருவன. இவ்வைந்தையும் நன்னூலார் விடையென ஏற்கிறார். தொல்காப்பியரும் விடை நேர்வழியிலிருந்து விலகினும், பொருளோடு இயைந்திருக்குமாயின் அதனை விலக்குவதில்லை. பேச்சுமொழியின் இயல்பை அறிந்த இலக்கணக் கொள்கை இது.

ஆயின் இக்கொள்கை, கேட்போனும் சொல்வோனும் ஒரே சூழலில் நிற்பதை உட்கொண்டது என்பது கட்டுரையாளரின் கருத்து. குறிப்புப்பொருளைப் பெறக் கேட்போர்க்குச் சூழலறிவு வேண்டும். ‘மொழிபெயர்ப்பு முடிந்ததா?’ என்ற வினாவிற்கு வரத்தக்க விடைகளை எண்ணிப் பார்க்கலாம். ‘இரண்டு நாளாகக் காய்ச்சல்’ என்பது உற்றதுரைத்தல். ‘இந்த வாரம் பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு வரும்’ என்பது உறுவது கூறல். ‘முன்னுரை முடிந்துவிட்டது’ என்பது இனமொழி. ‘எப்போது தருவதாகச் சொன்னேன்?’ என்பது வினாவெதிர் வினாதல். இவை அனைத்தின் குறிப்பும் முடியவில்லை என்பதே. நேரில் கேட்டவர் உடனே விளங்கிக்கொள்வார். காய்ச்சற்காரரின் முகத்தையும் காண்பார். மடலில் படிப்பவர்க்கோ எந்நாளில் முடியும் என்பது தெரியாது. காய்ச்சல் உண்மைதானா என்ற ஐயம்கூட எழும். உண்மையைச் சொன்னவர் பொய்யர்போல் தோன்றுவது குறிப்புவிடையால் நேரும் பெருங்கேடு.

ஆதலின் உற்றதுரைத்தலை நீக்க வேண்டும் என்பதன்று. அதற்குமுன் மறைவிடை ஒன்று வர வேண்டும். ‘முடியவில்லை. 30 பக்கத்தில் 18 முடிந்துள்ளது. காய்ச்சலால் இரு நாள் தடைப்பட்டது. திங்கள் காலை 10 மணிக்கு முழுதும் அனுப்புவேன். முடிந்த 18 பக்கம் வேண்டுமாயின் இன்றே தருகிறேன்.’ இம்மடலில் மறை, சுட்டு, உற்றதுரைத்தல், நேர் ஆகிய நான்கும் உரிய வரிசையில் நிற்கின்றன. இங்குக் காரணம் சாக்காகத் தோன்றாமைக்கு அது மூன்றாமிடத்தில் வருவதே காரணம்.

உறுவது கூறல் மட்டும் தனிநிலை உடையது. வினா எழுவதற்கு முன்னரே அது கூறப்படுமாயின் உறவை வலுப்படுத்தும். கருத்தரங்கு வருவது ஒரு திங்களுக்கு முன்பே தெரியும். கேட்கப்பட்ட பின் கூறினால் அது குறிப்புவிடை, கேட்கப்படுமுன் கூறினால் முன்னறிவிப்பு. சொல் ஒன்றே, காலம் அதன் வகையை மாற்றிவிடுகிறது.

விடையின்மையை இலக்கணம் வகைப்படுத்தவில்லை. மடலுலகில் மிகுதியாக வழங்கும் விடை அதுவே. முடித்தனுப்பிய பணிக்குப் பணியளிப்பவர் ஒன்றும் எழுதாதிருந்தால் அது ஏற்பா, மறுப்பா? இந்தியச் சட்டம் ஒன்று இதற்கு விடை கூறுகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, பொருளோ சேவையோ அளிக்கப்பட்ட 15 நாளுக்குள் எழுத்துவழி மறுப்பு வராவிடின், அளித்த நாளையே ஏற்ற நாளாகக் கொள்கிறது. அதாவது, மௌனத்தை நேர்விடையாக்குகிறது. இச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி எழுத்துவழி உடன்பாட்டில் குறித்த தவணையும் ஏற்ற நாளிலிருந்து 45 நாளைக் கடக்கலாகாது. கடந்தால் 16ஆம் பிரிவு இந்திய ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டிக்கு வழிசெய்கிறது. உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகத் தம்மைப் பதிவுசெய்துகொண்ட பணியாளர்க்கே இப்பாதுகாப்பு. அயல்நாட்டுப் பணியளிப்பவரை இது கட்டுப்படுத்தாது.

மறுபுறம், நாளுக்கு நான்குமுறை ‘எந்த அளவில் உள்ளது?’ என்று கேட்கும் பணியளிப்பவரும் உளர். செயலையும் கருவியையும் செய்வோனையும் ஆராய்ந்து தெளிந்தபின் அச்செயலை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது 517ஆம் குறளின் கருத்து. ஆராய்ச்சி முன்னது, விடுதல் பின்னது. சிறு மாதிரிப் பகுதி ஒன்றை ஊதியத்தோடு செய்வித்துப் பார்ப்பது அந்த ஆராய்ச்சிக்குப் போதும்.

சொல்லை எண்ணுதல்

மொழிபெயர்ப்புக்குச் சொல் எண்ணிக்கையால் ஊதியம் வகுப்பது வழக்கம். எம்மொழிச் சொல்லை எண்ணுவது என்பதில் தமிழுக்குத் தனிச்சிக்கல் உண்டு. வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒட்டி நிற்பதால், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களாக வருவன தமிழில் ஒரே சொல்லாகும். ‘அவர்களிடமிருந்தும்’ என்பது ஒரு சொல். ஆகவே ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ்ப் பனுவலை எண்ணினால் மூலத்தைவிடத் தொகை குறையும். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்ப்பவர்க்கு இது தலைகீழாகும்.

இன்னும் நுண்ணிய சிக்கல், இடைவெளி பற்றியது. ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்று சேர்த்தெழுதினால் கணினி ஒரு சொல் என்னும். ‘செய்து கொண்டு இருக்கிறார்கள்’ என்று பிரித்தால் மூன்று என்னும். துணைவினையைச் சேர்த்தெழுதுவதே முறை என்று வாதிடும் இலக்கண ஆசிரியர், தம் கொள்கையால் தம் ஊதியம் குறைவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை! மூலப்பனுவலின் சொற்களை, பணி தொடங்குமுன் எண்ணி, இருவரும் அத்தொகையை மடலில் ஒப்புக்கொள்வதே வழக்கின்றி முடிக்கும் முறை.

உரிமை குறித்தும் ஒரு சொல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, பணியொப்பந்தத்தின்கீழ் ஊழியராக இல்லாமல் தன்னுரிமையாய் மொழிபெயர்த்தவரே அம்மொழிபெயர்ப்பின் முதல் உரிமையாளர். உரிமை மாற்றம் எழுத்துவழி அமைய வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியா என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. நூல் மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் இதனைப் பணி முடிந்தபின் பேசத் தொடங்குவதால்தான் நல்ல பதிப்பாளரோடும் மனக்கசப்பு நேர்கிறது.

விளியும் முறைப்பெயரும்

பெனிலோப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாடு ஆங்கிலம், ட்சல்டால் என்னும் மாயன் மொழி ஆகியவற்றோடு கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழையும் தரவாகக் கொண்டு உருவானது என்பது தமிழாய்வாளர் நினைவில் கொள்ளத்தக்கது. கேட்போரின் முகத்தைக் காத்தல் என்னும் அக்கோட்பாட்டின் மையக் கருத்தைத் தமிழ் மடல்களில் எளிதில் காணலாம். ‘அனுப்புங்கள்’ என்பது ‘அனுப்புங்களேன்’ என ஏகாரம் பெற்றுக் குழைவதும், ‘நேரமிருந்தால்’, ‘சிரமமில்லையெனில்’ என்னும் நிபந்தனைகள் முன்னிற்பதும் அவ்வகையன.

பணிவு நன்று, ஆனால் தமிழில் பணிவு உறவுமுறைப் பெயரின்வழி நுழையும்போது கணக்கு மங்கத் தொடங்குகிறது. ‘ஐயா’, ‘அம்மா’, ‘சார்’, ‘மேடம்’ என்னும் விளிகள் தொலைவைக் காக்கின்றன. ‘தம்பி’, ‘அக்கா’, ‘சகோதரி’, ‘தோழர்’ என்பன தொலைவைக் குறைக்கின்றன. தொலைவு குறைந்தபின், தம்பியிடம் நள்ளிரவில் வேலை சொல்லலாம். அண்ணனிடம் பணம் கேட்கத் தம்பிக்கு நா எழாது. அன்பினால் அழைப்போரையும் சிக்கனத்தினால் அழைப்போரையும் மடலில் பிரித்தறிய இயலாது. முறைப்பெயரை மறுத்தல் முகத்தில் அடித்தாற்போலாகும். பணியாளர் செய்யத்தக்கது, உரையாடல் மடலையும் கணக்கு மடலையும் வேறாக்குவது. உரையாடலில் ‘அண்ணா’ என்றே எழுதலாம். விலைப்பட்டியலும் தவணையும் உள்ள மடலில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கலாம். இவ்வேறுபாட்டை இரண்டொரு முறை கண்ட பணியளிப்பவர் அதனை மனவருத்தமாகக் கொள்வதில்லை. அலுவல் முறை என விளங்கிக்கொள்வார்.

ஊதியம் கேட்டல்: ஈ, தா, கொடு

தொல்காப்பியர் எச்சவியலில் இரத்தற் பொருளில் வரும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் கேட்போனின் நிலையால் வேறுபடுத்துவார். ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று. ‘தா’ ஒத்தோன் கூற்று. ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று. நன்னூலும் இதனைத் தழுவுகிறது. இன்றைய வழக்கில் இச்சொற்களின் வேறுபாடு மறைந்துவிட்டது. ‘ஈயுங்கள்’ என்று யாரும் மடல் எழுதுவதில்லை. ஆயினும் அம்மூன்று நிலைகளும் தொடரமைப்பில் அப்படியே வாழ்கின்றன.

‘ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும், வீட்டில் சற்று நெருக்கடி, தாங்கள் மனம்வைத்தால் அந்தத் தொகையைப் பார்த்துச் செய்யுங்கள்’ என்பது ஈ நிலை. ‘இன்றைக்குள் பணம் வராவிடின் இனி உங்கள் பணியைத் தொடமாட்டேன்’ என்பது கொடு நிலை. வியப்பென்னவெனில், ஒரே பணியாளர் இரண்டையும் எழுதுகிறார். மூன்று முறை முன்னதை எழுதிப் பயனின்றி நான்காம் முறை பின்னதை எழுதுகிறார். பெறும் பணியளிப்பவர்க்கு இது முன்னறிவிப்பில்லாத சீற்றம். முதல் மூன்று மடல்களை அவர் கடன்நினைவூட்டலாகப் படிக்கவேயில்லை. உதவி வேண்டுகோளாகப் படித்து, கைவசம் பணமிருக்கும்போது உதவலாம் என்று ஒதுக்கிவைத்திருந்தார். செய்த வேலைக்குரிய ஊதியம் ஈகையன்று. அதனை ஈகையின் மொழியில் கேட்பவர், கொடாதிருக்கும் உரிமையையும் சேர்த்தே அளித்துவிடுகிறார்.

தா நிலை கடினமானது. ஏனெனில் அதற்குரிய வாய்பாடு பள்ளியில் கற்பிக்கப்படவில்லை. விண்ணப்பம் எழுதக் கற்பிக்கிறோம். அதன் மொழி கீழிருந்து மேலே செல்வது. சுற்றறிக்கையின் மொழி மேலிருந்து கீழே வருவது. ஒத்தோர் ஒத்தோர்க்கு எழுதும் கணக்கு மடல் வணிகர்களிடையே நெடுங்காலம் வழங்கியதாயினும் தமிழ்ப் பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை. அம்மடல் எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கூட்டுறவுச் சங்கக் கையேட்டின் மொழிபெயர்ப்பை (மூலச் சொற்கள் 6,200) 3ஆம் நாள் அனுப்பினேன். திருத்தம் ஏதுமில்லை எனத் தாங்கள் 8ஆம் நாள் எழுதினீர்கள். நாம் பேசியபடி தொகை வரவேண்டிய நாள் 23. இன்று 26. விலைப்பட்டியலை மீண்டும் இணைத்துள்ளேன். எந்நாளில் அனுப்புவீர்கள் என்று தெரிவித்தால் என் கணக்கில் குறித்துக்கொள்வேன். அடுத்த கையேட்டின் முதற்பகுதியைத் தொடங்க நான் அணியமாக உள்ளேன்.’

இதில் மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. நாளும் எண்ணும் பேசுகின்றன. இறுதியில் வைக்கப்பட்ட வினா, சுட்டுவிடை ஒன்றைத் தவிர வேறெதற்கும் இடந்தரவில்லை. ‘பார்க்கலாம்’ என்று இதற்கு மறுமொழி எழுதப் பணியளிப்பவர் சற்றுத் தயங்குவார்.